பெரம்பூர் மாடி அறையில் ஆறு ஞாயிறுகள்

சென்னை பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு தையற்கடையின் மேல்மாடியில், பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்கும் சிறிய அறை ஒன்று இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது, தையற்காரரிடம் "தட்டு சார் இருக்காரா?" என்று கேட்டால் அவர் வாயிலிருக்கும் ஊசியை எடுக்காமலே மேலே கை காட்டுவார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நடத்தும் இந்த அறையில், விற்பனையோடு சேர்த்து, பணம் கட்டிச் சேர்கிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இசை கேட்கும் அமர்வுகளும் நடக்கின்றன. அண்மையில் முடிந்த தொடர் அமெரிக்க இசையமைப்பாளர்கள் கச்சேரி மேடைக்கு எழுதிய இசையைப் பற்றியது. ஆறு வாரம், வாரம் இரண்டு மணி நேரம், தேநீர் உட்பட ஆளுக்கு 1,800 ரூபாய். ஆறு வாரமும் தவறாமல் போனவன் என்ற முறையிலும், கொடுத்த பணத்துக்குக் கணக்குப் பார்க்கும் பழையவண்ணாரப்பேட்டைக்காரன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் இசையமைப்பாளர் என்ற சொல்லைக் கேட்டதும் சினிமா டைட்டில் கார்டுதான் கண் முன்னால் வரும். அமெரிக்கா என்று சேர்த்துச் சொன்னால் ஜாஸ், ராக், பாப் என்று மனம் ஓடும். மேற்கத்திய செவ்விசை என்றால் ஐரோப்பாவின் வியன்னாவும் லைப்ஸிக்கும்தான் என்று நம் சர்ச் குவயர்களிலும் பியானோ தேர்வுப் பாடங்களிலும் பழகிப்போன காதுகளுக்கு, அமெரிக்கர்கள் சிம்பொனி எழுதியிருக்கிறார்கள் என்பதே ஒரு செய்தி. நானும் அப்படிப்பட்ட காதோடுதான் படியேறினேன்.

படியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்தான், மூட்டு வலி உள்ளவர்கள் இரண்டு முறை யோசிக்க வேண்டியது. அறைக்குள் பதினாறு பிளாஸ்டிக் நாற்காலிகள் போடலாம். எங்கள் தொடரில் பதினொரு பேர் இருந்தோம். வால்வு வைத்த பழைய ஆம்பிளிஃபையர் ஒன்று, இடுப்பளவு உயரமுள்ள இரண்டு மர ஸ்பீக்கர்கள், ஊசியை அடிக்கடி மாற்றிப் பராமரித்து வருகிற ஒரு ரிக்கார்டு பிளேயர், தட்டில் இல்லாதவற்றுக்காக ஒரு சிடி பிளேயர் ஆகியவைதான் மொத்தக் கருவிகள். தட்டுகளின் அட்டைகளைக் கரையான் அண்டாமலிருக்கப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் எண் ஒட்டி அடுக்கியிருக்கிறார். ஒரு தட்டை எடுக்கும்போது விளிம்பையும் நடு லேபிளையும் தவிர வேறு எங்கும் அவர் விரல் படாது. வெல்வெட் துணியை ஒரே திசையில் ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்துவிட்டுத்தான் ஊசியை இறக்குவார். பேசும்போது இவ்வளவு கவனம் அவரிடம் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ஒரு படைப்பைத் தொடங்கினால் முடியும் வரை நிறுத்துவதில்லை என்ற அவருடைய விதி, முதல் மூன்று வாரம் வரை காப்பாற்றப்பட்டது. கைப்பேசியில் முப்பது நொடிக்கு மேல் எதையும் கேட்காத பழக்கம் வந்துவிட்ட நமக்கு, அந்த விதி ஒன்றுக்காகவே பாதிப் பணத்தைக் கொடுக்கலாம்.

தொடரின் மிகச் சிறந்த மாலை முதல் மாலைதான். அது முழுவதும் சார்ல்ஸ் ஐவ்ஸுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 1874இல் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி என்ற ஊரில் பிறந்த ஐவ்ஸ், பிழைப்புக்கு இன்ஷூரன்ஸ் தொழில் செய்தவர். நியூயார்க்கில் கூட்டாளியோடு சேர்ந்து பெரிய ஏஜென்சி நடத்தியவர். இசையை மாலைகளிலும் விடுமுறைகளிலும் எழுதி மேசை இழுப்பறையில் போட்டு வைத்தவர். அவருடைய அப்பா அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவ பேண்டு மாஸ்டராக இருந்தவர், மகனை ஒரு சுருதியில் பாடச் சொல்லிவிட்டு வேறொரு சுருதியில் தான் வாசிப்பாராம். இரண்டு பேண்டு கோஷ்டிகளை எதிரெதிர்த் திசையில் நடக்கவிட்டு, அவை ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் ஒலி எப்படிக் குழம்புகிறது என்று கேட்டுப் பார்த்தார் என்றும் சொல்வார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து எழுதியதுதான் 'த்ரீ பிளேசஸ் இன் நியூ இங்கிலாந்து'. 1931இல் நிக்கோலாஸ் ஸ்லோனிம்ஸ்கி நியூயார்க்கில் முதன்முதலாக நடத்திய அந்தப் படைப்பின் நடுப் பகுதியான 'பட்னம்ஸ் கேம்ப்'பில், அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4 கொண்டாட்டத்தில் தொலைந்துபோன ஒரு சிறுவனின் காதில் விழும் அத்தனை பேண்டுகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேகத்தில் அடிக்கின்றன.

எங்களோடு வியாசர்பாடியிலிருந்து ஒரு இளைஞர் வந்திருந்தார். கல்யாண ஊர்வலங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் பேண்டு செட்டில் சைடு டிரம் வாசிப்பவர். அந்தப் பகுதி முடிந்ததும் நாங்கள் எல்லோரும் ஏதோ தப்பாகிவிட்டது போல் விழித்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு சாமி ஊர்வலம் ஒரே முக்குல வந்து முட்டிக்கிச்சு சார். நம்மாளு அடிக்கிறத உட மாட்டான், அவனும் உட மாட்டான்." ஐவ்ஸைப் பற்றி நான் பிறகு படித்துப் பார்த்த எந்த விளக்கமும் இதைவிடத் தெளிவாக இல்லை. முண்டகக்கண்ணியும் அங்காளம்மனும் ஆடி மாதத்தில் ஒரே தெருவில் எதிர்ப்படுவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, ஐரோப்பியப் பயிற்சி பெற்ற காதைவிட ஐவ்ஸ் சீக்கிரம் பிடிபடுகிறார். இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட தெருச் சத்தத்தை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்ததுதான் அவருடைய பங்களிப்பு என்பது எனக்கு அந்த மாலையில் விளங்கியது.

(இங்கே ஓர் இடைச்செருகல். பேண்டைக் கேட்டு இசை எழுதுவது நமக்கும் புதிதல்ல. மணலி முதலியாரின் ஆதரவில் இருந்த காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேய பேண்டைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதியவை இன்று நோட்டுஸ்வரங்களாகக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. மணலியும் கோட்டையும் எங்கள் பக்கத்து ஊர்கள்தான் என்பதால் சொல்கிறேன்.)

அதே மாலையில் 'தி அன்ஆன்சர்ட் க்வெஸ்சன்' என்ற சிறு படைப்பும் ஒலித்தது. கம்பி வாத்தியங்கள் யாரையும் பொருட்படுத்தாமல் மெதுவாக நீண்டுகொண்டிருக்க, ஒரு டிரம்பெட் ஒரே கேள்வியை ஏழு முறை கேட்கிறது. குழல்கள் ஆறு முறை பதில் சொல்ல முயன்று, ஒவ்வொரு முறையும் கோபம் கூடி, கடைசிக் கேள்விக்கு வாயடைத்துப் போகின்றன. இதைப் போடும் முன் சார் மின்விசிறியை நிறுத்தினார். சென்னைப் புழுக்கத்தில் அதைத் தாங்கிக்கொண்ட பதினொரு பேருக்கும் பலன் கிடைத்தது: கம்பிகளின் ஒலி எங்கே முடிந்தது, அறையின் அமைதி எங்கே தொடங்கியது என்று கடைசிவரை தெரியவில்லை. ஐவ்ஸின் மூன்றாம் சிம்பொனிக்கு 1947இல் புலிட்சர் பரிசு கிடைத்தபோது அதை எழுதிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன என்பதையும், பரிசுப் பணத்தில் பாதியை அதை முந்தைய ஆண்டு மேடையேற்றிய லூ ஹாரிசனுக்கு ஐவ்ஸ் கொடுத்துவிட்டார் என்பதையும் சார் சொன்னார். அந்த ஒரு தகவலோடு நிறுத்திக்கொண்டது அவருடைய நல்ல நாள்.

இரண்டாம் வாரம் ஜார்ஜ் கெர்ஷ்வின். 'ராப்சடி இன் புளூ'வைத் தெரியாதவர்கள்கூட அதன் தொடக்கத்தில் கிளாரினெட் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு ஏறுவதை எங்காவது கேட்டிருப்பார்கள். கெர்ஷ்வின் எழுதியது தனித்தனி ஸ்வரங்களாக ஓடும் ஓட்டம். ஒத்திகையில் ராஸ் கார்மன் என்ற கிளாரினெட் கலைஞர் விளையாட்டாக அதை இழுத்து வாசிக்க, அப்படியே இருக்கட்டும் என்று கெர்ஷ்வின் சொல்லிவிட்டார். நம் கர்நாடக இசைக்காரர்கள் ஜாரு என்று சொல்வது ஏறத்தாழ இதுதான், ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டைக் கேட்டவர்களுக்கு அந்தக் கருவி இப்படி வழுக்கும் என்பதில் வியப்பு இருக்காது. 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் ஏயோலியன் ஹாலில் பால் வைட்மேனின் குழு வாசித்த முதல் வடிவம் பெரிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கானது அல்ல, ஜாஸ் குழுவுக்கானது. கருவிகளுக்குப் பிரித்து எழுதியவர் கெர்ஷ்வின் அல்ல, ஃபெர்டி க்ரோஃபே. பாஸ்டனுக்குப் போகும் ரயிலின் எஃகுத் தாளத்தில்தான் படைப்பின் முழு வடிவமும் தனக்குத் தோன்றியது என்று கெர்ஷ்வின் சொல்லியிருக்கிறார். சார் அதை மேற்கோள் காட்டி முடிக்கவும், கீழே அரக்கோணம் பக்கம் போகும் மின்சார ரயில் ஒன்று கடக்கவும் சரியாக இருந்தது; வாழ்நாள் முழுவதும் ரயில்வேயில் கழித்த மனிதர் அதற்காகக் காத்திருந்துதான் பேசினாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

மூன்றாம் வாரத்திலிருந்து குறைகள் தெரியத் தொடங்கின. ஆரன் கோப்லண்டுக்கு என்று அச்சிட்டுத் தந்த ஒரு தாள் குறிப்பில், 'அப்பலேச்சியன் ஸ்பிரிங்' 13 கருவிகளுக்காக எழுதப்பட்டது என்று சரியாகவே போட்டிருந்தது. நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமுக்காக எழுதப்பட்டு 1944 அக்டோபர் 30 அன்று வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் சிறிய அரங்கில் அரங்கேறியது அது. மேடைக்கு முன்னால் இடம் இல்லாததால்தான் அவ்வளவு சிறிய குழு. ஆனால் எங்களுக்குப் போட்டுக் காட்டியது, அடுத்த ஆண்டில் கோப்லண்டே முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதிய தொகுப்பு. இரண்டும் வேறு என்பதை யாரும் சொல்லவில்லை. குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பதின்மூன்று கருவிகளை எண்ணிப் பார்க்க முயன்ற ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர், "எனக்குத்தான் காது சரியில்லையா?" என்று தேநீர் நேரத்தில் என்னிடம் கேட்டார். முழு ஆர்க்கெஸ்ட்ராவில் கேட்கும்போது மலையும் பள்ளத்தாக்கும் தெரிவது உண்மைதான். ஆனால் ஒரு புல்லாங்குழல், ஒரு கிளாரினெட், ஒரு பசூன், ஒரு பியானோ, ஒன்பது கம்பி வாத்தியங்கள் என்று கேட்டால் அந்த இசை ஒரு புதுமணத் தம்பதியின் வீட்டு வாசல் அளவுக்குச் சுருங்கி நம் அருகே வந்துவிடுகிறது. அதைத் தேடிப்பிடித்துப் பிறகு கேட்டதால் சொல்கிறேன்.

தலைப்பைப் பற்றிய கதையையாவது சொல்லியிருக்கலாம். கோப்லண்ட் எழுதும்போது வைத்திருந்த பெயர் 'மார்த்தாவுக்கு ஒரு பாலே' என்பது மட்டுமே. அரங்கேற்றத்துக்குச் சற்று முன்புதான் கிரஹாம் ஒரு கவிதையிலிருந்து இப்போதைய பெயரை எடுத்து வைத்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும், உங்கள் இசையில் அப்பலேச்சிய மலைகளை அப்படியே பார்க்க முடிகிறது என்று ரசிகர்கள் அவரிடம் வந்து உருகியிருக்கிறார்கள். தலைப்பு கேட்பவரை எப்படி ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது, சார் அதைத் தவறவிட்டார். போதாததற்கு, 'சிம்பிள் கிஃப்ட்ஸ்' என்ற, ஷேக்கர் எனும் கிறித்தவப் பிரிவினரின் 1848ஆம் ஆண்டுப் பாடல் வெவ்வேறு உருவில் வளர்ந்து வரும் கட்டத்தில் தட்டில் ஒரு கீறல். ஊசி சிக்கி, ஒரே வரி ஐந்தாறு முறை சுற்றி வந்தது. அவர் எழுந்து விரலால் மெல்லத் தள்ளிவிட்டார். விற்பனைக்கு வைத்திருக்கும் தட்டுகளை அவ்வளவு அக்கறையோடு துடைப்பவர், பணம் வாங்கிக்கொண்டு போட்டுக் காட்டும் தட்டை முன்கூட்டியே ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

சாமுவேல் பார்பரின் 'அடாஜியோ'வும் அன்றைக்கே வந்து போனது. ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் டோஸ்கானினி 1938இல் வானொலியில் நடத்தியதிலிருந்து உலகத்தின் அத்தனை துக்கங்களுக்கும் அதை வாசித்து வாசித்து, இப்போது அது தொடங்கினாலே யாரோ இறந்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. பார்பருக்கு அது நியாயம் செய்வதில்லை. ஆர்க்கெஸ்ட்ராவோடு தனி வயலின் வாசிக்கும் அவருடைய வயலின் கான்செர்ட்டோவைப் போட்டிருக்கலாம்.

என்னுடைய பெரிய புகார் நான்காம் வாரத்தைப் பற்றியது. கறுப்பின இசையமைப்பாளர்கள் அனைவரும் அந்த ஒரு மாலையின் பிற்பாதியில் அடைக்கப்பட்டிருந்தார்கள். முற்பாதியில் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் தாராளமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வில்லியம் கிராண்ட் ஸ்டில்லின் 'ஆஃப்ரோ அமெரிக்கன் சிம்பொனி'யில், 1931இல் ராசெஸ்டரில் ஹோவர்ட் ஹான்சன் மேடையேற்றிய அந்தப் படைப்பில், பேன்ஜோ வரும் மூன்றாம் பகுதியை மட்டும் கேட்டோம். ஃபுளோரன்ஸ் பிரைஸுக்குக் கிடைத்தது கால் மணி நேரம். 1933 ஜூன் 15 அன்று சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய முதல் சிம்பொனியை வாசித்தது. ஒரு பெரிய அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா கறுப்பினப் பெண்மணி ஒருவரின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல் முறை. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பாஸ்டனின் பிரபல நடத்துநர் செர்ஜி கூசெவிட்ஸ்கிக்கு எழுதிய கடிதத்தில், தனக்கு இரண்டு ஊனங்கள், ஒன்று தன் பாலினம், மற்றொன்று தன் இனம் என்று எழுதித் தன் இசையைப் பார்க்கும்படி கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. 1953இல் அவர் இறந்த பின் கையெழுத்துப் பிரதிகளில் பல எங்கே போயின என்றே தெரியவில்லை. 2009இல் இல்லினாய் மாநிலத்தில் செயின்ட் ஆன் என்ற சிற்றூரில் பாழடைந்த ஒரு வீட்டை வாங்கிய தம்பதி, அதைச் சுத்தம் செய்யும்போது கட்டுக் கட்டாகக் காகிதங்களைக் கண்டெடுத்தார்கள். நான்காம் சிம்பொனியும் வயலின் கான்செர்ட்டோக்களும் அதற்குள் இருந்தன. கோடைக்கால வீடாக பிரைஸ் பயன்படுத்திய வீடு அது.

முதல் சிம்பொனியின் மூன்றாம் பகுதிக்கு பிரைஸ் 'ஜூபா' என்று பெயர் வைத்திருக்கிறார். மத்தளம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடுக்கப்பட்ட அடிமைகள் தம் தொடையையும் மார்பையும் கன்னத்தையும் தட்டித் தாளம் எழுப்பி ஆடிய ஆட்டம் அது. மேசையையும் பானையையும் தீப்பெட்டியையும் தட்டி கானா பாடும் ஊரில், வாத்தியம் இல்லாதவன் எதைத் தட்டுவான் என்று விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. அந்தப் பகுதி ஓடிய நான்கு நிமிடமும் வியாசர்பாடி இளைஞரின் வலது கை தானாகவே தொடையில் இறங்கிவிட்டது. முழுச் சிம்பொனியையும் போடச் சொல்லி மூன்று பேர் கேட்டோம். "அடுத்த தொடர்ல பார்ப்போம் தம்பி, நேரம் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டார். ஐவ்ஸுக்கு இரண்டு மணி நேரம், பிரைஸுக்குப் பதினைந்து நிமிடம் என்பது எண்பது ஆண்டுகளாகக் கச்சேரி மேடைகள் செய்து வந்த அதே கணக்கு. பெரம்பூர் மாடியில் அதைத் திரும்பச் செய்ய வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

ஐந்தாம் வாரத்தில் ஜான் கேஜ். பியானோவின் கம்பிகளுக்கு இடையே திருகாணி, போல்ட், ரப்பர் துண்டுகளைச் செருகி அதையே ஒரு தாள வாத்தியக் குழுவாக மாற்றிய மனிதர். 1946 முதல் 1948 வரை எழுதிய 'சொனாட்டாஸ் அண்டு இன்டர்லூட்ஸ்' 45 சுரங்களுக்கு இப்படிச் செருகல் வைத்து வாசிக்கப்படுகிறது. கேட்கும்போது ஒரு காதில் ஜலதரங்கம், இன்னொரு காதில் கடம், நடுவில் எங்கோ பியானோ என்று தோன்றும். நம் ரசக் கோட்பாட்டை, சாந்தத்தை நோக்கி மற்ற எட்டும் சாய்கின்றன என்ற கருத்தை, ஆனந்த குமாரசுவாமியின் எழுத்துகள் வழியாக அறிந்து எழுதியது அது. கொழும்புத் தமிழர் மரபில் வந்த குமாரசுவாமி பாஸ்டன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து எழுதியது நியூயார்க்கில் ஒரு பியானோவுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதே ஆண்டுகளில்தான் அகமதாபாத்திலிருந்து நியூயார்க் சென்ற கீதா சாராபாய் கேஜுக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்து, பதிலுக்கு அவரிடம் மேற்கத்திய இசையைக் கற்றார். இசை எதற்காக என்று கேஜ் கேட்டதற்கு, மனத்தைத் தெளிவித்து அமைதிப்படுத்தி, தெய்விகத் தாக்கங்களுக்கு அதை ஆயத்தப்படுத்தவே என்று தன் குரு சொன்னதை கீதா சொன்னார். கேஜ் அந்தப் பதிலைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பதிலிலிருந்து நேராக வருவதுதான் பலரும் கேலி செய்யும் '4'33"', அதாவது நான்கு நிமிடம் முப்பத்து மூன்று நொடி. 1952 ஆகஸ்ட் 29 அன்று உட்ஸ்டாக் அருகே மரக்கூரை போட்ட ஓர் அரங்கில் டேவிட் டியூடர் பியானோ முன் அமர்ந்து, மூடியை மூடி, கடிகாரத்தைப் பார்த்து, திறந்து, மறுபடி மூடி, மூன்று பகுதிகளையும் ஒரு சுரமும் வாசிக்காமல் முடித்தார். எங்கள் அறையில் பியானோ இல்லாததால் சார் ஊசிக் கையைத் தாங்கியில் பூட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தை மேசையில் வைத்தார். மின்விசிறி நின்றது. முதலில் ஆம்பிளிஃபையரின் மெல்லிய உறுமல் கேட்டது, பிறகு கீழே தையல் இயந்திரம், எதிர்வீட்டில் குக்கர் மூன்று விசில். அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், காற்று திரும்பும்போது மட்டும் ரயில் நிலைய ஒலிபெருக்கி: பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நாற்பது ஆண்டாக அதைக் கேட்கிறேன். 'கனிவான' என்ற சொல்லில் குரல் ஒரு படி ஏறி, 'கவனத்திற்கு' என்பதில் இரண்டு படி இறங்குகிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். சரியாக அந்த நேரத்தில் சார், "பாருங்க, இப்போ நீங்க கேக்குறதுதான் இசை" என்று விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். இரண்டரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு படைப்பை நடுவில் நிறுத்துவதில்லை என்று விதி வைத்தவர், எதுவும் ஒலிக்காத படைப்பை நிறுத்திவிட்டார்.

கடைசி வாரம் அவசரத்தில் கெட்டது. டெர்ரி ரைலி, ஃபிலிப் கிளாஸ், ஸ்டீவ் ரைக், ஜான் ஆடம்ஸ் என்று அறுபது ஆண்டு இசையை இரண்டு மணி நேரத்தில் திணித்தார்கள். கிளாஸின் இசை தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து "இன்னா சார், மறுபடியும் ஊசி மாட்டிக்கிச்சா?" என்று குரல் வந்தது, மூன்றாம் வார அனுபவத்துக்குப் பிறகு அது நியாயமான கேள்விதான். ரைக்கின் 'கிளாப்பிங் மியூசிக்'தான் அன்றைய மாலையைக் காப்பாற்றியது. 1972இல் இரண்டு பேரின் நான்கு கைகளுக்காக மட்டும் எழுதப்பட்டது அது. பன்னிரண்டு அட்சரத்தில் ஒரே தட்டு. ஒருவர் மாற்றாமல் தட்டிக்கொண்டே இருக்க, மற்றவர் சில சுற்றுகளுக்கு ஒரு முறை ஓர் அட்சரம் தள்ளித் தள்ளிப் போய், முழு வட்டமும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்தில் வந்து சேர்கிறார். மிருதங்கம் கற்கும் கல்லூரி மாணவி ஒருவர், "எடுப்பு மட்டும் மாறிக்கிட்டே போகுது, அவ்வளவுதானே" (எடுப்பு என்பது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) என்று சொல்லிவிட்டு, பேண்டு செட் இளைஞரை உட்கார வைத்துத் தட்ட ஆரம்பித்தார். அந்த இளைஞர் அசையாமல் தட்டினார். மாணவி ஐந்தாவது தள்ளலில் வழுக்கிவிட்டு, கோபத்தோடு முதலிலிருந்து தொடங்கினார்.

அதற்கு நேரம் செலவானதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம், ரைக்கின் 'டிஃபரென்ட் ட்ரெயின்ஸ்' படைப்பின் முதல் பகுதியோடு நிறுத்தியதில்தான். பெற்றோர் பிரிந்துவிட்டதால், 1939 முதல் 1942 வரை நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே தாதியோடு ரயிலில் போய் வந்த யூதச் சிறுவன் ரைக், அதே ஆண்டுகளில் தான் ஐரோப்பாவில் இருந்திருந்தால் எந்த ரயிலில் ஏற்றப்பட்டிருப்போம் என்று பிற்காலத்தில் யோசித்ததன் விளைவு 1988இல் க்ரோனோஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் கம்பி வாத்தியக் குழுவுக்காக எழுதிய அந்தப் படைப்பு. தாதியின் குரல், ரயிலில் வேலை பார்த்த முதியவரின் குரல், வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர்களின் குரல் ஆகியவற்றைப் பதிவு செய்து, பேச்சு எப்படி ஏறி இறங்குகிறதோ அதையே வயலின்களும் வயோலாவும் செல்லோவும் திருப்பி வாசிக்கும்படி செய்திருக்கிறார். கனிவான கவனத்திற்கு என்ற அறிவிப்பின் ஏற்ற இறக்கத்தை முந்தைய வாரம் கேட்டவர்களுக்கு இந்த உத்தி உடனே புரிந்தது. ஆனால் முதல் பகுதி போருக்கு முந்தைய அமெரிக்கா. உற்சாகமான ரயில் பயணம். இரண்டாம் பகுதியில்தான் அபாயச் சங்கொலிகளும் மற்ற ரயில்களும் வருகின்றன. முதல் பகுதியோடு ஊசியைத் தூக்கிவிட்டால் அது நல்லதொரு ரயில் பாட்டாகிவிடுகிறது. அப்படிச் சிரித்த முகத்தோடு நாங்கள் கலைந்து போனது அந்தப் படைப்புக்குச் செய்த அநியாயம்.

தொடரில் இல்லாமலே போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழங்கையால் பியானோக் கட்டைகளை அழுத்தி வாசித்தவரும், கெர்ஷ்வினுக்கும் கேஜுக்கும் பாடம் சொன்னவரும், ஐவ்ஸின் இசையை அச்சிட்டு ஊரறியச் செய்தவருமான ஹென்றி கவல், 1956 முதல் 1958 வரை எழுதிய தம் 13ஆம் சிம்பொனிக்கு 'மெட்ராஸ்' என்று பெயர் வைத்து, அதில் ஜலதரங்கத்தையும் தபேலாவையும் சேர்த்திருக்கிறார். ஆர்மேனியத் தந்தைக்குப் பிறந்த ஆலன் ஹோவனெஸ் 1959இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியா வந்து, மெட்ராஸில் தங்கிக் கர்நாடக இசை கற்றுக்கொண்டு, வானொலி நிலையத்துக்காகத் தென்னிந்திய வாத்தியங்களுக்கே 'நாகூரான்' என்ற படைப்பை எழுதினார். ஜார்ஜ் டவுனில் நாம் அரண்மனைக்காரன் தெரு என்று சொல்லும் தெருவில் அரண்மனையும் கிடையாது, அரண்மனைக்காரனும் கிடையாது. ஆர்மேனியன் தெரு என்பது நம் வாயில் அப்படி ஆனது. 1772இல் கட்டிய ஆர்மேனிய தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. இளமையில் ஆர்மேனிய தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்த ஹோவனெஸை ஜார்ஜ் டவுனிலிருந்து சில ரயில் நிலையம் தள்ளி நடக்கும் தொடரில் விட்டுவிடலாமா?

கடைசி நாள் இதைச் சாரிடமே கேட்டேன். கோபப்படவில்லை. அடுக்கிலிருந்து 211 என்று எண் ஒட்டிய ஒரு தட்டை உருவிக் காட்டினார். ஹோவனெஸின் 'மிஸ்டீரியஸ் மவுண்டன்'. "இது இருக்கு தம்பி. மெட்ராஸ் சம்பந்தப்பட்டது எதுவும் இருபது வருஷமா தேடறேன், கைக்குக் கிடைக்கல. இல்லாத தட்ட எப்படிப் போடறது?" சிடி பிளேயர் ஓரமாகச் சும்மா இருந்ததைச் சுட்டிக் காட்டினேன். பிரைஸை அதில்தான் போட்டார், ஹோவனெஸையும் போட்டிருக்கலாம். பதில் சொல்லாமல் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

சேர நினைப்பவர்களுக்கு: ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தானாகத் தர மாட்டார். ஐந்து மணி என்றால் ஐந்தே காலுக்குத்தான் தொடங்கும். தேநீர் நன்றாக இருக்கும், ஒரு முறைதான் வரும். பெண்களுக்குக் கழிப்பறை வசதி கீழே தையற்கடைக்காரரின் வீட்டில்தான். அவர் மனைவி முகம் சுளிக்காமல் கதவு திறந்துவிடுகிறார். வண்டியைத் தெருவில் நிறுத்த இடம் கிடையாது, மின்சார ரயிலில் வருவதே மேல். வலது ஸ்பீக்கருக்கு நேரே உள்ள இரண்டாவது வரிசை நாற்காலியில் கம்பி வாத்தியங்கள் நன்றாகப் பிரிந்து கேட்கும். சன்னலோரத்தில் உட்கார்ந்தால் ரயில் சேர்ந்து கேட்கும், அது உங்கள் விருப்பம். பிரைஸின் முதல் சிம்பொனியை முழுமையாகப் போடுவதாக எழுதித் தந்தால் அடுத்த தொடருக்கும் வருகிறேன் என்று சொன்னேன். குறிப்புத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். 1,800 கட்டிவிட்டேன்.